பெஞ்சில் ஓர் ஆள் இடம்

கௌகோவைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லாரும் பனி தள்ளும் வண்டியில்தான் ஆரம்பிப்பார்கள். நான் பெஞ்சில் ஆரம்பிக்கிறேன். எனக்கு அவனைத் தெரிந்தது பெஞ்சில்தான். அதை யாருக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரான கொய்வுரந்தாவில் பந்தாட்ட மைதானம் ஏரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கூரை போட்ட மரப்படிகள், படிகளில் நீல வண்ணம் அடித்த பெஞ்சுகள். அந்தப் படிகளுக்குக் கீழே மூலையில் ஒரு ஜன்னல். அங்கே காபியும் ஏலக்காய் ரொட்டியும் சுட்ட சாசேஜும் கிடைக்கும். ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவள் நான், ஹில்கா. என் புருஷன் இருந்தவரைக்கும் அவன் கோல் வலை கட்டினான், நான் காபி போட்டேன். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் நான் காபி போடுகிறேன். எனக்கு எழுத்துக் கூடவில்லை. போர் நாளில் எல்லைப்புறத்திலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்து வந்த வருஷங்களில் பள்ளிக்கூடம் கைநழுவிப் போனது. அப்புறம் நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் யார் காபியை எப்படிக் குடிப்பார்கள் என்பது எனக்கு மறக்காது. ஆட்களை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

கௌகோ கறுப்புக் காபி. சர்க்கரை கிடையாது. வாங்கிக்கொண்டு நேரே மேல் வரிசைக்கு ஏறி, பிர்ச் மரங்கள் இருக்கிற பக்கத்துக் கடைசியில் உட்காருவான். அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலி. அதைத் தாண்டி ஒரு பெரியவர் உட்காருவார். அவர் காபியில் இரண்டு சர்க்கரைக்கட்டி. பால் வேண்டாம். அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. டிக்கெட்டை வாசலில் வாங்குகிறவரிடம் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டு பேரும் அந்த இரண்டு இடங்களில் எத்தனை கோடை உட்கார்ந்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. என் மகன் கல்யாணத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள், அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த இடம் நடுவிலேயே இருந்தது. எங்கள் அணியின் பெயர் பல்லோ. பெரிய அணி ஒன்றுமில்லை, மேலிருந்து எண்ணுவதைவிடக் கீழிருந்து எண்ணினால் சீக்கிரம் அகப்படும். பல்லோ கோல் போட்டால் கௌகோ எழுந்து இடப்பக்கம் திரும்புவான், பெரியவர் வலப்பக்கம் திரும்புவார், ஒரு முறை தலையாட்டிக்கொள்வார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். தோற்றால் தலையாட்டலும் இல்லை. ஏப்ரலில் முதல் ஆட்டத்தில் பெரியவர், "வந்தாச்சா" என்பார். இவன், "வந்தாச்சு" என்பான். அக்டோபரில் கடைசி ஆட்டம் முடிந்து எழும்போது அவர், "வசந்தத்தில, அப்போ" என்பார். இவனும், "வசந்தத்தில" என்பான். ஒரு வருஷத்துக்கு அவர்கள் பேச்சு அவ்வளவுதான். இதை ஏதோ குறை மாதிரி நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் இதைவிடக் குறைவாகப் பேசிக்கொண்டு ஆயுசு முழுக்கக் குடித்தனம் நடத்தியவர்கள் இருக்கிறார்கள்.

கௌகோ நகராட்சியில் பனி தள்ளுகிறவன். விடிவதற்கு முன்னால் அவன் போய்விட்டு வந்த தடத்தில்தான் ஊரே வேலைக்குப் போகும். அதனால் குளிர்காலம் முழுக்க அவன் வண்டியை எல்லாருக்கும் தெரியும், அவனைத் தெரியாது. கோடையில் அவன் கையில் புல் வெட்டும் இயந்திரத்தைக் கொடுத்துவிடுவார்கள். நானும் அவனும் ஒரே கட்டடம். நான் கீழே, அவன் எனக்கு மேலே, அவன் அம்மா இருந்த வீட்டில். அம்மா போன பிறகு அங்கே இரண்டாவது நாற்காலி இழுபடும் சத்தத்தை நான் கேட்டதில்லை. அக்கா ஒருத்தி ஸ்வீடனில் தொழிற்சாலை வேலைக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். எல்லாருக்கும் ஏரிக்கரையில் ஒரு கோடை வீடு இருக்கும், சொந்தமாக இல்லாவிட்டால் மாமனார் வீடாவது இருக்கும். கௌகோவுக்கு அதுவும் இல்லை. ஜூலையில் ஊர் கதவைப் பூட்டிக்கொண்டு ஏரிகளுக்குப் போய்விட்டால், மிச்சமிருப்பது நானும் அவனும் கடற்காக்கைகளும்தான். அவனுக்குக் கோடை என்றால் பல்லோ.

அந்த ஏப்ரலில், வழக்கம்போல, கௌகோ சின்ன வண்டியைக் கொண்டுவந்து மைதானத்துப் பனியைத் தள்ளி, கோல் கம்பங்களுக்குப் பின்னால் மலையாகக் குவித்தான். முதல் ஆட்டத்துக்குக் காபியோடு மேலே ஏறினான். பையிலிருந்து துணி எடுத்துத் தன் இடத்தைத் துடைத்தான். பிறகு நடு இடத்தை விட்டுவிட்டு, அதற்கு அப்பால் பெரியவர் இடத்தையும் துடைத்தான். அதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆட்டம் தொடங்கியது. பெரியவர் வரவில்லை. கௌகோ பந்தைப் பார்த்ததைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தான். பல்லோ அன்றைக்கு ஒரு கோல் போட்டது. கௌகோ எழுந்தான், இடப்பக்கம் திரும்பினான், காலி இடத்தைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று கீழே பார்த்து உட்கார்ந்தான்.

அடுத்த ஆட்டத்திலும் அவர் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. மே மாதத்தில் ஒரு நாள் கௌகோ காபியை வாங்கிக்கொண்டு ஜன்னலை விட்டு நகராமல் நின்றான். கௌகோ ஓர் இடத்தில் காரணமில்லாமல் நிற்கிறவன் இல்லை.

"பின்னால ஆள் நிக்குது, கௌகோ."

"இந்த வருஷம் கூட்டம் கம்மியோ?"

"எப்பவும் வர்ற கூட்டம்தான்."

"இல்ல... பிர்ச் மரப் பக்கம்..."

"ரெண்டு சர்க்கரைக்கட்டியைக் கேக்கிறியா?"

அவன் முகம் காதுவரை சிவந்துபோனது. "நான் ஒண்ணும் கேக்கல."

அவனுக்குப் பின்னால் ரிஸ்டோ நின்றுகொண்டிருந்தான். எங்கள் மைதானத்தில் மேளம் அடிப்பவன் அவன் ஒருவன்தான். ஆனால் பத்துப் பேர் அடிப்பதுபோல் அடிப்பான். "என்ன கௌகோ, ஹில்காவைப் பொண்ணு கேக்கிறியா? சீக்கிரம் கேளு, என் சாசேஜ் கருகுது."

"உன் வாய்க்குக் கருகினதுதான் சரி" என்றேன் நான். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, வரிசையில் நின்றவர்களிடம் சத்தமாகவே கேட்டேன். "அந்த மேல் வரிசைப் பெரியவரை யாராவது பார்த்தீங்களா? ரெண்டு சர்க்கரைக்கட்டி போட்டுக் குடிப்பாரே?"

இன்னொருவர் விஷயத்தை இப்படிப் பொதுவில் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. பாதிப் பேர் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒருத்தி, "போய்ச் சேர்ந்திருப்பார்" என்றாள், வானிலை சொல்கிற மாதிரி.

"பேரு என்ன அவருக்கு?" என்றார் ஒருவர்.

"பேரா? அதைக் கௌகோவைக் கேளு" என்றான் ரிஸ்டோ. "பக்கத்துல உக்காந்து உக்காந்து பெஞ்சையே தேச்சவன் அவன்தானே."

எல்லாரும் திரும்பினார்கள். கௌகோ அங்கே இல்லை. காபிக் கோப்பை மட்டும் ஜன்னல் பலகையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவன் மனதில் இருப்பது வெளியே வந்தது ஜூனில், ஏரித்துறையில். கோடை வந்தால் ஜமுக்காளங்களை ஏரிக்கு எடுத்துப்போய்த் துறையிலுள்ள மேசைகளில் போட்டுப் பைன் சோப்புப் போட்டுத் தேய்ப்போம். அவனும் அவன் அம்மா நெய்த கந்தல்துணி விரிப்புகளைக் கொண்டுவந்திருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை அதைத் தவறாமல் செய்வான். பக்கத்து மேசையில் நான். ஆளைப் பார்க்காமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்பதாலோ என்னவோ, அவனாகவே ஆரம்பித்தான்.

"கடைசி ஆட்டத்துல அவர் வசந்தத்திலன்னு சொல்லல."

"வேற என்ன சொன்னார்?"

கொஞ்ச நேரம் தேய்த்தான். "பித்கா ஏரியில வீடு இருக்குன்னார். சனிக்கிழமை படகைக் கரையேத்தணும், ஆவிக்குளியலுக்குச் சௌனா போடறேன், வந்தா வான்னார்."

"நீ?"

"பார்ப்போம்னேன்."

"போனியா?"

"இல்ல."

"ஏன் போகல?"

"ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார்னு நெனச்சேன். நான் போய் நின்னா அவருக்குத் தொந்தரவு."

நான் பிரஷ்ஷை மேசையில் போட்டேன். "அட முட்டாளே! காபிக்குக் கூப்பிட்டா ஒரு பேச்சுக்குக் கூப்பிடுவாங்க. படகைத் தூக்க யாராவது பேச்சுக்குக் கூப்பிடுவாங்களா? நம்ம ஊர்ல ஒரு கிழவன் இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் கை குடுன்னு கேக்கிறான்னா, அவன் எத்தனை ராத்திரி யோசிச்சிருப்பான்!"

"அதான் நானும் யோசிக்கிறேன்" என்றான் அவன் மெதுவாக. "கோவிச்சுக்கிட்டுத்தான் வரலையோ என்னவோ."

"யோசிச்சது போதும். போய்ப் பாரு."

"வீடு தெரியாது. பேரும் தெரியாது."

"ஏரி தெரியுமில்ல? அது எங்கேயும் ஓடிப்போகாது."

நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின நாள் ஊர் காலியானது. கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றிவிட்டுக் கட்டடக் காவலாளியும் போய்விட்டான். மத்தியானத்துக்கு மேல் கௌகோ காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. அன்றைக்கு நடந்ததைப் பின்னால் ஒரு நாள் துண்டு துண்டாகச் சொன்னான்.

பித்கா ஏரியைச் சுற்றி எத்தனை வீடோ அத்தனை மண்பாதை. ஒவ்வொன்றிலும் நுழைந்தான். ஒவ்வொரு வாசலிலும் பிர்ச் கொம்பு நட்டு, மேசை போட்டு, பிள்ளைகளும் மாமன் மச்சான்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். கார் வருவதைப் பார்த்து எல்லாரும் தலை நிமிர்த்துவார்கள். இவன் கையை உயர்த்தி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுவான். ஒரு வீட்டில் இவனை யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்து ஒருவன் கையில் பீரோடு ஓடிவந்தானாம். "வாங்கிக்கிட்டியா?" என்று கேட்டேன். "வண்டி ஓட்டறேனே" என்றான். ஏரிக்கரையில் ஒவ்வொரு வீட்டாரும் சொக்கப்பனை அடுக்கிக் கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். இவன் ஒருவன்தான் காருக்குள்.

கடைசியில் ஒரு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினான். காரணம், அங்கே புல்லில் ஒரு படகு கிடந்தது. ஒரு பக்கத்துப் பலகைகள் உள்வாங்கி, முன்மூக்கு பிளந்து, மிதித்த முட்டை ஓடு மாதிரி கிடந்தது. இளவயதுப் பெண் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"படகைப் பாக்கிறியா? எடுத்துக்கோ. விறகுக்குத்தான் ஆகும். நாங்க வாங்கும்போதே அப்படித்தான். கரையேத்தாம விட்டுட்டாராம், ஏரி உறைஞ்சு பனிக்கட்டி நொறுக்கிடுச்சு."

"வித்தது யாரு?"

"எய்னோ. இனிமே ஒத்தை ஆளா இந்த வீட்டை வச்சுக்க முடியாதுன்னு சொன்னார் பாவம். மெட்சாகோஸ்கியில மகள்கூட இருக்கார்." அவள் இவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ அவருக்கு என்ன வேணும்?"

கௌகோ மறுபடி படகைப் பார்த்தான். "பந்து பாக்கிறவன்" என்றான்.

அப்படித்தான் அவர் பெயர் எய்னோ என்று அவனுக்குத் தெரிந்தது.

ஜூலைக் கடைசியில் பல்லோவுக்கு மெட்சாகோஸ்கியில் ஆட்டம். வேறு மாதமாக இருந்தால் ரிஸ்டோ வேன் பிடித்து ஐந்தாறு பேரைக் கூட்டிப்போவான். ஜூலையில் ரிஸ்டோ மாமியார் வீட்டு ஏரியில் மீன் பிடிக்கிறான். ஆட்டத்தன்று காலையில் என் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் கௌகோ என் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"மெட்சாகோஸ்கிக்குப் போறேன்" என்றான்.

"போய்ட்டு வா."

அவன் போகவில்லை. "கார்ல இடம் இருக்கு."

"உன் கார்ல எப்ப இடம் இல்லாம இருந்துது?"

"நீ வந்தா... பேசறதுக்கு..."

"பேசறது நீ பேசணும். நான் கூட உக்காந்து வர்றேன். காபி நான் எடுத்துக்கிறேன், அங்கே போடற காபி கழுநீர்."

காட்டு வழி. அந்தச் சாலையில்தான் சொக்கப்பனை, குழந்தை, படகு எல்லாவற்றையும் சொன்னான். படகைக் கடைசியாகத்தான் சொன்னான்.

அவர்கள் மைதானம் எங்களுடையதைவிடப் பெரிது. ஆனால் வெயிலில் கால்வாசிகூட நிறையவில்லை. எய்னோவை நான்தான் முதலில் பார்த்தேன். கீழ் வரிசையில், கடைசி மூலையில், மடியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கௌகோ படி அருகில் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவனைப் பார்த்தால் திரும்பிக் காருக்கே ஓடிவிடுவான் போலிருந்தது. நான் காபிக் குடுவையால் அவன் முதுகில் குத்தினேன்.

போனான். எய்னோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். எய்னோ திரும்பிப் பார்த்தார். அவர் தாடை ஒரு முறை அசைந்தது.

"வந்தாச்சா" என்றார்.

"வந்தாச்சு."

நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். குடுவை என் கையில் இருந்தது, காபி ஊற்ற ஒருத்தர் வேண்டாமா? எய்னோவுக்கு இரண்டு சர்க்கரைக்கட்டி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார்.

பாதி ஆட்டம் முடியும்வரை இரண்டு பேரும் பந்தைத்தான் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே போனதும் பார்ப்பதற்குப் புல்தரை மட்டும் மிஞ்சியது.

"படகைப் பார்த்தேன்" என்றான் கௌகோ.

"ம்."

"நான் வந்திருக்கணும்."

பரவாயில்லை என்று அவர் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லுவார்கள். எய்னோ கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வந்திருக்கணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சௌனா சாயங்காலம்வரை சூடாத்தான் இருந்துது" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டிருக்கலாமே, எய்னோ. ஒரு படகைத் தூக்க எத்தனை நேரம்?"

"அவன் பந்து பாக்க மாட்டான்" என்றார் எய்னோ.

கௌகோ தலையைக் குனிந்துகொண்டான். நான் குடுவையில் மிச்சமிருந்த காபியை இரண்டு கோப்பையிலும் ஊற்றினேன்.

இரண்டாம் பாதியில் பல்லோ ஒரு கோல் போட்டது. எப்படிப் போட்டார்கள் என்று கேட்காதீர்கள், யாரோ முதுகில் பட்டு உள்ளே போனது. அந்தப் படிகள் முழுக்க அமைதி. மூலையில் மட்டும் இரண்டு பேர் எழுந்தார்கள், ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். உட்கார்ந்தார்கள்.

"என்ன எய்னோ!" என்று கத்தினான் அந்த ஊர்க்காரன் ஒருவன். "எங்க ஊர் உருளைக்கிழங்கைத் தின்னுக்கிட்டு அவங்க கோலுக்கா எழுந்திரிக்கிறே?"

"உருளைக்கிழங்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் எய்னோ. "உங்க கோல்காவலன்தான் வேகல."

அந்த ஊர்க்காரர்களே சிரித்தார்கள். கௌகோ சிரிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்துப் பல் ஒன்று அவனுக்கு இல்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. எய்னோவின் மகள் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அவர் எழுந்தார். வசந்தத்தில என்று அவர் சொல்லவில்லை. எதற்கு வசந்தம்? இனி எங்கள் மைதானத்துக்கு அவர் எப்படி வருவார்? கௌகோவும் எழுந்தான். அவன் கைகள் கால்சட்டைப் பைக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.

"ஞாயித்துக்கிழமை நம்ம மைதானத்துல ஆட்டம்" என்றான். "நான் வந்து கூட்டிட்டுப் போறேன். திரும்பக் கொண்டுவந்தும் விடறேன்."

எய்னோ அவனை நெடுநேரம் பார்த்தார்.

"பார்ப்போம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும்போது மேல் வரிசையில் பிர்ச் மரப் பக்கம் யாருமே இல்லை. ஜுரத்தோடுகூட ஓர் ஆட்டத்தைத் தவறவிடாத கௌகோ இல்லை. ஏரியிலிருந்து ஊர் திரும்பியிருந்த ரிஸ்டோ மேளத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தான். "கௌகோ செத்துட்டானா?" என்றான். விளையாட்டாகக் கேட்டாலும் முகத்தில் விளையாட்டில்லை. பாதி ஆட்டம் முடிகிற சமயத்தில் கௌகோ வந்தான். தனியாகத்தான் வந்தான்.

"வரலையா?"

"கால் சரியில்லயாம்."

காபியை வாங்கிக்கொண்டு மேலே ஏறி, துணியை எடுத்து இரண்டு இடங்களையும் துடைத்து உட்கார்ந்தான்.

அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க ஊரில் நடந்த ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மெட்சாகோஸ்கிக்குப் போனான், கேட்டான், தனியாகத் திரும்பி வந்தான். முதல் பாதி எதையும் அவன் பார்க்கவில்லை. அந்த இரண்டு மாதமும் ஊரில் பல்லோ போட்ட கோலெல்லாம் முதல் பாதியில்தான் விழுந்தன, அதுவும் அவன் தலையெழுத்து. ரிஸ்டோவுக்குக் கொண்டாட்டம். "ரெண்டு போட்டோம், கௌகோ! நீ பாக்கல. இனிமே நீ வராம இருந்தாலே நாங்க மேல ஏறிடுவோம் போல."

"அப்படியா" என்பான் கௌகோ.

ஒரு நாள் நான் பிடித்துக்கொண்டேன். "அங்கே போய் என்னதான் பண்றே?"

"கதவைத் தட்டறேன். வர்றியான்னு கேக்கிறேன். காலைப் பத்திச் சொல்றார். மகள் காபி குடுக்கிறா. குடிச்சுட்டு, மனசு மாறுதான்னு கொஞ்சம் இருந்து பாத்துட்டுக் கிளம்பறேன்."

"ஃபோன்ல கேட்டா ஆகாதா? ஒரு பாதி ஆட்டமாவது மிஞ்சும்."

"ஃபோன்ல வேணாம்னு சொல்றது சுலபம்."

"நேர்லயும்தான் சொல்றார்."

"சொல்றார்" என்றான். "ஆனா நான் வந்திருக்கேன்னு தெரியுது."

அக்டோபரில் கடைசி ஆட்டம். மழையும் பனியுமாகக் கலந்து சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் என்று சொல்ல முடியாது. ரிஸ்டோவின் மேளத்தோல்கூட நனைந்து தொப்பென்று சத்தம் வந்தது. முதல் பாதி முடிந்தது, கௌகோ வரவில்லை. இரண்டாம் பாதி ஆரம்பித்தது, வரவில்லை. ஒருவேளை இன்றைக்குப் பெரியவரைக் காரில் ஏற்ற நேரமாகிறதோ என்று நான் ஒரு கோப்பையில் இரண்டு சர்க்கரைக்கட்டியைப் போட்டுக்கூட வைத்துவிட்டேன். ஆட்டம் முடியக் கொஞ்சமே இருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. ஒரு கதவுதான் திறந்தது.

ஜன்னலுக்கு வந்து நின்றான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் அந்தக் கோப்பையைப் பலகைக்குக் கீழே தள்ளிவிட்டு, அவனுக்குக் கறுப்புக் காபி ஊற்றினேன்.

"வாசல்வரைக்கும் வந்தார்" என்றான். "பூட்ஸ் மாட்டியிருந்தார். கோட் போட்டிருந்தார். நான் வர்றதுக்கு முன்னாடியே தயாரா உக்காந்திருந்தாராம், மகள் சொன்னா. கதவைத் திறந்தோம். வெளிய இப்படி அடிக்குது. படியைப் பார்த்துக்கிட்டே நின்னார். நானும் நின்னேன்."

"அப்புறம்?"

"வசந்தத்தில, அப்போன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"வசந்தத்திலன்னேன்."

காபியோடு மேலே போனான். ஈரத்தில் துடைத்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் இரண்டு இடங்களையும் துடைத்தான். உட்கார்ந்தான். விசில் ஊதியது. பல்லோ தோற்றிருந்தது, ஆனால் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பியிருந்தது. ஆட்டக்காரர்கள் கையை உயர்த்திவிட்டு ஓடினார்கள். ரிஸ்டோ மேளத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, "வசந்தத்தில பார்ப்போம், கிழவி!" என்று கத்திவிட்டுப் போனான். மேலே போய் அவன் பக்கத்தில் உட்காரலாமா என்று எனக்குத் தோன்றியது. போகவில்லை. அங்கே எனக்கு இடமில்லை.

அடுப்பை அணைத்தேன், பாத்திரம் கழுவினேன். ஜன்னல் பலகையை இறக்கப் போகும்போது கௌகோ இன்னும் போகாததைப் பார்த்தேன். மரப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு படியாக, நின்று நின்று. கீழே வந்ததும் திரும்பவும் மேலே ஏறினான். அவன் வலது கை காற்றில் எதையோ பிடித்திருப்பது மாதிரி இடுப்புக்கு நேராக நீண்டிருந்தது. இரண்டாவது தடவை இறங்கும்போது கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான்.

"என்னடா பண்றே?" என்று கத்தினேன்.

"படிக்குக் கைப்பிடி போட எவ்வளவு உயரம் வேணும்னு பாக்கிறேன்" என்றான். "அந்தக் காலோட எதையும் பிடிக்காம அவரால ஏற முடியாது."

"அதுக்குக் குளிர்காலம் முழுக்க இருக்கு. வீட்டுக்குப் போ, நனையறே."

அவன் போகவில்லை. இடுப்பைவிடத் தாழ்ந்த அந்தக் கையோடு, பனியும் மழையும் கலந்து அடிக்க, மறுபடி மேலே ஏறத் தொடங்கினான்.